சித்திரமும் சீவனமும்

நம் கல்லூரியிலே சித்திரப் பாடத்துக்கு வாய்த்த கதியை நாம் எல்லாரும் அறிவோம். ஆறாம் வகுப்பிலே வண்ணப் பெட்டியோடு வந்தமர்ந்த பிள்ளை, பத்தாம் வகுப்பை அணுகியதும் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறான். வைக்கும்படி செய்யப்படுகிறான் என்பதே பொருந்தும். உயர்தர வகுப்பிலே சித்திரத்தைத் தெரிந்தெடுப்பவனைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆகாதவன் என்றே அயலார் மதிப்பர். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாயில்களையன்றி நான்காவது வாயிலொன்று உண்டென்று எண்ணுவதற்கே நம்மிற் பலருக்கு மனம் ஒருப்படுவதில்லை. நம் பாட்டன்மார் காலத்திலே இலிகிதர் உத்தியோகமும் புகையிரத நிலைய அதிபர் உத்தியோகமும் பெற்றிருந்த மதிப்பை இன்று இம்மூன்றும் பெற்றிருக்கின்றன. வாயில்களின் பெயர் மாறிற்று; வாயில்காப்போரின் மனம் மாறிற்றில்லை.

இவ்விழா மலரிலே நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய நான்காவது வாயில்களுள் ஒன்று. வரைகலை வடிவமைப்பு என்று இன்று வழங்கும் தொழிலைக் கைக்கொண்டு ஒருவன் மானத்தோடு சீவிக்கலாமோ, சீவிப்பதாயின் அவன் கற்கவேண்டுவன யாவை, அவனுக்கு நாம் செய்யக்கடவது யாது என்பனவே ஈண்டு நம் ஆராய்ச்சி. நம் கருத்தை முன்னரே சொல்லிவிடுகிறோம். இதனைச் சித்திரக்காரனுடைய தொழில் என்பதிலும் எழுத்தறிந்தவனுடைய தொழில் என்பதே பொருத்தம். ஆதலால், தமிழை நன்கு கற்ற மாணவன் இதிலே பிறரிலும் முந்தி நிற்கத்தக்கவன். அவன் முந்தாமற் போவதற்குப் பெருங்காரணம், அவன் வேலைக்குக் கூலி கொடுக்க மனம் வராத நாமே.

வடிவமைப்பென்பது யாது? காலையிலே நாம் கையிலெடுக்கும் பற்பசைக் கூடு, தேயிலைப் பொதி, மருந்துக் குளிகையின் உறை, வங்கியிலே நிரப்பும் படிவம், பேருந்தின் நெற்றியிலுள்ள ஊர்ப்பெயர், கைத்தொலைபேசியின் திரை ஆகிய ஒவ்வொன்றிலும், எவ்வெழுத்து எவ்வளவு பெரிதாயிருத்தல் வேண்டும், எது முதலிலே கண்ணிற் படுதல் வேண்டும், எவ்வளவு இடம் வெறுமையாய் விடப்படுதல் வேண்டும் என்று யாரோ ஒருவர் இருந்து தீர்மானித்திருக்கிறார். அத்தீர்மானமே வடிவமைப்பு. மருந்துறையிலே அளவு தெளிவாய்த் தெரியாவிடின் நோயாளிக்குத் தீங்கு நேரும். படிவம் குழப்பமாயிருப்பின் முதியவரொருவர் ஒரு காரியத்துக்காக இரண்டாம் முறையும் கச்சேரிக்கு அலைய நேரும். இதனை வெறும் அலங்காரமென்று சொல்வோர் அவ்வாறு அலைந்தறியாதோர் போலும். ஆங்கிலத்திலே இத்தொழிலுக்கு இன்று வழங்கும் பெயரை 1922ஆம் ஆண்டிலே வில்லியம் அடிசன் டுவிகின்ஸ் என்னும் அமெரிக்க எழுத்துக் கலைஞர் தம் கட்டுரையொன்றிலே எடுத்தாண்டார். பெயர்தான் புதிது, தொழில் பழையது.

அப்பழமைக்குச் சான்று தேடி மேனாடு செல்லவேண்டுவதில்லை. நம் வீடுகளிலே சுவாமியறைக்கு அருகே கிடக்கும் வாக்கிய பஞ்சாங்கத்தை விரித்துப் பாருங்கள். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்பையும், அவை நிற்கும் நாழிகை விநாடிகளையும், விரத தினங்களையும், சுபமுகூர்த்தங்களையும் மாதத்துக்குச் சில பக்கங்களுள்ளே அடக்கி, மூக்குக்கண்ணாடி அணிந்த பாட்டியும் விரல்வைத்துக் கண்டுபிடிக்குமாறு நிரைப்படுத்தியிருக்கும் திறமை சிறிதோ? கோடும் கட்டமும் சுருக்கெழுத்துமே கருவிகள். அலங்காரம் ஏதும் இல்லை. அட்டவணை அமைக்கும் கலையை மேனாட்டு நூல்களிலே பயில விரும்பும் மாணவன் முதலிலே இதனைப் பயிலலாம்.

நாவலர் பெருமான் 1849ஆம் ஆண்டிலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நடத்தியதைச் சமயத் தொண்டாகவும் கல்வித் தொண்டாகவும் இத்தகைய மலர்களிலே பலகால் எழுதியிருக்கிறோம். அதனுள்ளே வேறொரு தொண்டும் அடங்கியிருக்கின்றது. சிறுவர்க்குரிய பாலபாடங்களைப் படிமுறையாக வகுத்தமைத்ததும், வசனத்திலே நிறுத்தக் குறிகளை இட்டு வாசிப்போன் மூச்சுக்கு இடங்கொடுத்ததும், பிழையற்ற பதிப்பென்றால் நாவலர் பதிப்பு என்று சொல்லும்படி செய்ததும், வாசிப்போனுடைய கண்ணை நினைந்து செய்த காரியங்கள். இந்நினைவு இல்லாதவன் எத்துணை அழகாக வரையினும் வடிவமைப்பாளன் ஆகான்.

கணிதம் கற்கும் மாணவர், "இது நமக்குரியதன்று" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதிருக்கும்பொருட்டு ஒருவரை அறிமுகஞ் செய்கிறோம். இலண்டன் மாநகரத்து நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைகளுக்கு இன்று வழங்கும் படத்தின் மூலத்தை வரைந்தவர் ஹரி பெக். அவர் ஓவியராகப் பெயர்பெற்றவர் அல்லர். அப்புகையிரதப் பகுதியின் சமிக்ஞைப் பிரிவிலே வரைபடம் வரைந்தவர். 1931ஆம் ஆண்டிலே, வேலையிழந்திருந்த காலத்திலே, யாரும் கேளாமலே ஒரு படம் செய்தார். பாதைகள் தரையிலே வளைந்து செல்லும் வண்ணமே வரைவதைக் கைவிட்டார். கிடையாகவும் நிலைக்குத்தாகவும் 45 பாகைச் சரிவாகவுமே கோடுகளை இழுத்தார். நெருக்கமான நகர்நடுவை விரித்து, தொலைவான புறநகர்களைச் சுருக்கினார். அதிகாரிகள் முதலிலே அதனை ஏற்றிலர். 1933ஆம் ஆண்டிலே அது பயணிகள் கைக்கு வந்தபோது பயணிகள் உடனே ஏற்றுக்கொண்டனர். உலகத்தின் பல நகரங்கள் பின்னர் அம்முறையைப் பின்பற்றின. நிலத்தின் கீழே செல்பவனுக்கு வேண்டியது தூரமன்று; எங்கே ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்குவதென்பதே. அதனைக் கண்டதுதான் பெக்கின் திறமை. கேத்திரகணிதத்திலே பழகிய கைக்கு அஃது எளிதாயிற்று.

இனி, இத்தொழிலை எங்கே கற்பது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே வடிவமைப்புக்கென்றே பட்டநெறி உண்டு. உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையொன்றிலும் தேறுதல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே இராமநாதன் பெயர்தாங்கிய கலைப்பீடத்திலே சித்திரமும் வடிவமைப்பும் கற்பிக்கப்படுகின்றன. மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தர் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே கட்புலத் தொழினுட்பக் கலைக்கு ஒரு துறை இருக்கின்றது. கொழும்பிலே 2005 தொடக்கம் கட்புல, அரங்கேற்றக் கலைகளுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே இயங்கிவருகின்றது. பல்கலைக்கழகம் புகாதார்க்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் என்னும் வழியும் உண்டு. பெற்றாரிற் பலர் இவற்றைக் கேள்விப்பட்டதும் இல்லை. அவர் அறிந்தன, மூன்று மாதத்திலே வடிவமைப்பாளராக்கித் தருவதாகப் பலகை தொங்கவிட்டிருக்கும் கணனிக் கூடங்களே.

அக்கூடங்களை நாம் முற்றாக வெறுக்கின்றோமல்லோம். ஆனால், அவை கற்பிப்பது மென்பொருளையே என்பதை மறத்தல் ஆகாது. பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் 1985ஆம் ஆண்டிலே வந்தது. நம் ஊர் அச்சகங்களிலே நெடுங்காலம் அதுவே அரசு செலுத்திற்று. 1999ஆம் ஆண்டிலே இன்டிசைன் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பேஜ்மேக்கரை மாத்திரம் கற்றிருந்தவன் அதனோடு போனான். பக்கத்தை அமைக்கக் கற்றிருந்தவன் புதிய கருவியைச் சில கிழமைகளிலே பழகிக்கொண்டான். அடோபி நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டு தொடக்கம் தம் மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையிலேயே வழங்குகின்றனர். அதனைக் கட்டமாட்டாத மாணவர் திருட்டுப் படியைத் தேடுவதே நம் நாட்டு வழக்கமாயிற்று. இங்ஸ்கேப், கிம்ப், ஸ்கிறைபஸ் என்பன விலையின்றியும் நேர்மையாகவும் கிடைக்கின்றன. கற்றுக்கொள்வதற்கு அவை தாராளமாகப் போதும்.

நம் அபிப்பிராயத்திலே, எப்பட்டம் பெற்றவனும் ஓராண்டேனும் அச்சகமொன்றிலே நிற்றல் வேண்டும். திரையிலே பளிச்சென்று ஒளிரும் பச்சை, தாளிலே பாசிநிறமாய் இறங்குவதை அங்கேதான் காண்பான். திரையின் நிறம் ஒளியால் ஆவது; தாளின் நிறம் சயன், மஜென்ரா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் ஆவது. பக்கத்தின் ஓரம்வரை செல்லும் நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு அப்பால் 3 மில்லிமீற்றராவது நீட்டிவிடாவிடின், வெட்டும் பொறி சற்றே விலகினாலும் வெள்ளைக்கோடு தெரியும். கைத்தொலைபேசியிலே தெளிவாயிருந்த படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவுக்கு வரும்போது மங்கிப்போகும். இவற்றைப் புத்தகத்திலே படிக்கலாம். ஆயிரம் பிரதி பாழாகி, அச்சக முதலாளி முகத்தைப் பார்த்து நிற்கும்போதுதான் மனத்திலே பதியும்.

இதுகாறும் கூறியவை எந்நாட்டு வடிவமைப்பாளனுக்கும் பொது. தமிழ் வடிவமைப்பாளனுக்குச் சிறப்பாக உரியது எழுத்து. அரவும் விசிறியும் கொம்புமாக நம் எழுத்து 247. ஆங்கிலத்துக்கென அளந்த சட்டத்திலே அது அடங்காது. வரிக்கு மேலே விசிறி எழும். கீழே உகர ஊகாரங்களின் வளைவு இறங்கும். ஆங்கிலத்துக்குரிய வரியிடைவெளியை அப்படியே இட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். நம் சொற்கள் விகுதியும் உருபும் ஏற்று நீள்வன. குறுகிய பத்தியிலே இருபக்கமும் நேராய் நிறுத்தினால், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வயல் வாய்க்கால்போல வெள்ளை ஓடும். திரையிலே ஒரு பொத்தானுக்கு ஆங்கிலச் சொல்லை அளந்து இடம்விட்டவன், அங்கே "சமர்ப்பிக்கவும்" என்று எழுதவேண்டி வந்தபோது எழுத்தைச் சிறுக்கவைக்கிறான். அது வாசிக்க இயலாமற் போகின்றது.

கொம்பின் கதை இன்னும் கேடானது. "கெ" என்னும் எழுத்திலே கொம்பு முன்னே நிற்கும். ஒலியிலே பின்னே வரும். இம்முறையை அறியுமாறு சரிப்படுத்தப்படாத மென்பொருளிலே கொம்பு தன் எழுத்தை விட்டுப் பின்னாலே போய் விழும். ஒகர ஓகாரங்கள் மூன்று துண்டாய்ச் சிதறும். சரிப்படுத்தும் வழி பெரும்பாலும் ஒரு தெரிவை மாற்றுவதுதான். ஆயினும், தமிழ் வாசிக்கத் தெரியாதவன் சிதைவைக் காணமாட்டான். காணாததை மாற்றவும் மாட்டான். 1987ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தினாலே தமிழும் அரச கரும மொழியாயிற்று. அதன் பின்னரும் மும்மொழிப் பலகைகளிலே தமிழ் மாத்திரம் கொம்பிழந்தும், லகர ளகரங்கள் இடம்மாறியும், சில இடங்களிலே பொருளே தலைகீழாகியும் நிற்பதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். கண்டு கோபிக்கிறோம், படம் பிடித்து நண்பர்க்கு அனுப்புகிறோம், பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறோம். அப்பலகைகள் அமைக்கப்படும் மேசையிலே தமிழறிந்த வடிவமைப்பாளன் ஒருவன் இருந்தால் அது நேராதே என்று நினைத்து, நம் பிள்ளைகளில் ஒருவனையேனும் அம்மேசைக்கு ஆயத்தஞ் செய்தோமா? அவனை நாம் கணக்கியல் வகுப்புக்கு அனுப்பியிருந்தோம்.

எழுத்துருவை ஆக்குவது இத்தொழிலின் உள்வீடு. ஈயத்திலே அச்சுக்கோத்த காலத்திலே ஒவ்வோர் எழுத்தும் ஒரு துண்டு உலோகம். இன்று அது கணனிக்குள்ளே இருக்கும் ஒரு வரைவு. இடைக்காலத்திலே பாமினி முதலிய எழுத்துருக்கள் நம் அச்சகங்களுக்குப் பேருதவி செய்தன. ஆயின், அவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணனியிலே திறந்தால் தமிழெல்லாம் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாய்த் தோன்றும். 1991ஆம் ஆண்டிலே வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளிக்கப்பட்டிருந்தும், நம் மலர்கள் பல அதன்பின்னரும் நெடுங்காலம் பாமினியிலேயே அமைக்கப்பட்டன. அவற்றின் கோப்புகளிலே இன்று ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடித்தல் அரிது. பழைய மாணவர் ஒருவருடைய கட்டுரையைத் தேடி அலைந்தோர் இதன் துன்பத்தை அறிவர். இந்நாட்டவராகிய தாரிக் அஸீஸ் ஆக்கிய கவிவாணர் என்னும் எழுத்துரு இன்று உலகத்தில் எவரும் விலையின்றி எடுத்தாளும்படி இணையத்திலே கிடைக்கின்றது. சிங்கள எழுத்திலே, புஷ்பானந்த ஏக்கநாயக்கர் செய்த அபய என்னும் எழுத்துருவைக் கொழும்பிலுள்ள இளைஞர் குழுவொன்று ஒருங்குறிக்கு மாற்றி யாவர்க்கும் வழங்கிற்று. இவ்வேலைக்கு ஓவியத்திறன் வேண்டும், கணிதம் வேண்டும், கணனியறிவு வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, எழுத்தின்மேல் அன்பு வேண்டும். நம் கல்லூரியிலே இந்நான்கும் வெவ்வேறு அறைகளிலே கற்பிக்கப்படுகின்றன.

முன்னோர் இல்லாத தொழிலன்று இது. சிரித்திரன் ஆசிரியர் சிவஞானசுந்தரம் கட்டடக் கலை பயிலப் பம்பாய் சென்றவர். கேலிச்சித்திரக்காரராய்த் திரும்பி, சவாரித் தம்பரையும் மெயில் வாகனத்தாரையும் நம் வீட்டு மனிதர் ஆக்கிவிட்டார். அவருடைய பெற்றார் அயலவர்க்கு என்ன சமாதானம் சொல்லியிருப்பரோ! ஓவியர் ரமணி ஈழத்து நூல்கள் பலவற்றுக்கு அட்டை வரைந்தார். நூலாசிரியரின் பெயரை மறந்தோரும் அவ்வட்டைகளை நினைவிலே வைத்திருப்பர். 2005 தொடக்கம் நூலகம் என்னும் மின்னூலகம் பல்லாயிரம் ஈழத்து வெளியீடுகளைப் படியெடுத்து இணையத்திலே வைத்திருக்கின்றது. மாணவன் ஒருவன் விடுமுறையிலே அதனைத் திறந்து, அட்டைகளை மாத்திரம் ஆண்டு வரிசையிலே பார்த்துச் செல்வானாயின், மூன்று மாத வகுப்பிலே பெறுவதிலும் மிகுதியாகப் பெறுவான். இரண்டு நிறத்துக்குமேல் அச்சிடப் பணமில்லாத காலத்திலே, அவ்விரண்டு நிறத்தைக்கொண்டு எவ்வளவு சாதித்தார்கள் என்பதைக் கண்டு வியப்பான்.

இனிக் கூலியின் விஷயத்துக்கு வருவோம். கல்வெட்டையே உதாரணமாகக் கொள்வோம். நம்மவருள் ஒருவர் சிவபதமடைந்தால், முப்பத்தோராம் நாளுக்குள்ளே நினைவு மலர் அச்சாகி வருதல் வேண்டும். பழைய அடையாள அட்டையிலுள்ள நகவளவு படத்தைத் துலக்கிப் பெரிதாக்க வேண்டும். தேவார திருவாசகங்களைப் பிழையின்றி அமைக்க வேண்டும். நான்கு தலைமுறை வம்சாவளியை, ஒருவர் பெயரும் விடுபடாமலும் ஒருவர்க்கும் மனவருத்தம் நேராமலும், ஒரே பக்கத்திலே அடக்க வேண்டும். கனடாவிலுள்ள மருமகன் நள்ளிரவிலே திருத்தம் அனுப்புவார். இத்தனையையும் ஓர் இளைஞன் கண்விழித்துச் செய்துமுடிக்கிறான். தாளுக்குக் கணக்கு உண்டு; அச்சுக்குக் கணக்கு உண்டு; அவன் வேலைக்குக் கணக்கு இல்லை. அச்சக முதலாளி மொத்தத் தொகையிலே அதனை ஒளித்து வைக்கிறார், அல்லது "தம்பி சும்மா செய்து தருவான்" என்று தாமே வாக்குக் கொடுத்துவிடுகிறார்.

நம் பழைய மாணவர் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. இராப்போசன மண்டபத்துக்கு முற்பணம் கட்டுகிறோம். பாட்டுக்கச்சேரிக்கும் பணம் கொடுக்கிறோம். அழைப்பிதழ், பதாகை, மலர் ஆகிய மூன்றையும் செய்த பழைய மாணவனுக்கு மேடையிலே பொன்னாடை போர்த்துகிறோம். கல்லூரித் தாய்க்குச் செய்யும் தொண்டுக்குக் கூலியோ என்று சிலர் கேட்பர். கூரை வேய்ந்தவரிடத்தும் மின்கம்பி இழுத்தவரிடத்தும் அக்கேள்வியை நாம் கேட்டதில்லை. தொண்டாகச் செய்ய விரும்புவோர் கூலியைப் பெற்று, அதனைத் தம் கையாலே நிதிக்குக் கொடுக்கட்டும். அப்போதுதான் தொண்டின் அளவும் தெரியும். பொன்னாடையை மின்சாரசபையார் கட்டணத்துக்கு ஈடாக ஏற்பதில்லை.

மேனாட்டிலும் இக்குறை இருந்தது. நைக்கி நிறுவனத்தின் உலகறிந்த சின்னத்தை 1971ஆம் ஆண்டிலே வரைந்த கறலின் டேவிட்சன் அப்போது மாணவி. அவர் பெற்றது 35 டொலர். 1983ஆம் ஆண்டிலே நிறுவனத்தார் அவரை அழைத்துப் பங்குகள் வழங்கிச் சிறப்பித்தனர். போல் ராண்ட் என்பார் 1986ஆம் ஆண்டிலே நெக்ஸ்ற் என்னும் கணனி நிறுவனத்துக்குச் செய்த சின்னத்துக்கு 100,000 டொலர் பெற்றார். பல மாதிரிகளைக் கொடுத்து, "விரும்பியதை எடுங்கள்" என்று அவர் சொல்லவில்லை, ஒன்றையே கொடுத்தார். அந்த ஒன்று ஏன் அவ்வாறு அமைந்தது என்பதைப் படிப்படியாக விளக்கும் சிறு நூலொன்றையும் உடன் கொடுத்தார். நம் மாணவர் கவனிக்கவேண்டியது அந்நூலையே. தான் செய்ததற்குக் காரணத்தை எழுதவும் பேசவும் வல்லவனுக்கே உரிய விலை கிடைக்கும். "சும்மா அழகாயிருக்கும் என்று போட்டேன்" என்பவனிடத்திலே, "அப்படியானால் சிவப்பிலே போடு" என்றுதான் எவரும் சொல்லுவர். நம் கல்லூரியின் விவாத மேடையும் தமிழ்க் கட்டுரை வகுப்பும் வடிவமைப்பாளனுக்கு வண்ணப் பெட்டியிலும் பயன்தருவன என்று நாம் சொல்வது இதனாலேயே.

பொருளீட்டுவதற்கு மரியாதை மாத்திரம் போதாது. எழுத்திலே உடன்படிக்கையும் வேண்டும். எத்தனை முறை திருத்தித் தருவது, எப்போது பணம் பெறுவது, மூலக்கோப்பு யாருக்குரியது என்பவற்றை வேலை தொடங்குமுன் ஒரு தாளிலே எழுதி, அரைவாசிப் பணத்தை முற்பணமாகப் பெறுதல் வேண்டும். உறவினரிடத்தே இதனைக் கேட்பது கடினந்தான். உறவினரிடத்தேதான் இது மிகவும் வேண்டப்படுவது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோன் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டும் அவன் ஆக்கத்துக்குக் காவல் செய்கின்றது. அச்சட்டம் இருபக்கமும் வெட்டும். இணையத்திலே கண்ட படத்தை எடுத்து ஒட்டுபவன், நாளை தன் படத்தை இன்னொருவன் எடுத்தபோது வாய்திறக்க இயலாது.

இணையவழியே வெளிநாட்டு வேலை பெறுவோர் இன்று நம்மிடையே உளர். யாழ்ப்பாணத்திலே இருந்துகொண்டு ஒஸ்லோவிலுள்ள கடைக்குப் பொதியும், ரொறன்ரோவிலுள்ள உணவகத்துக்கு விலைப்பட்டியலும் அமைக்கிறார்கள். நல்லதே. ஒன்றை மாத்திரம் எச்சரிக்கிறோம். ஒரு வேலைக்குப் பலரை வரையச்செய்து, ஒருவனுக்கே பணம் கொடுக்கும் போட்டித் தளங்கள் உண்டு. 2008ஆம் ஆண்டிலே ஒஸ்ரேலியாவிலே தொடங்கிய 99டிசைன்ஸ் இவ்வகைக்குப் பேர்பெற்றது. பயிற்சிக்காக இரண்டொரு முறை புகலாம். அதனையே சீவனமாகக் கொள்பவன் தன் உழைப்பின் பெரும்பகுதியை வீணே கொட்டுகிறான்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி வடிவமைப்பாளன் எதற்கு என்று கேட்போர்க்கும் மறுமொழி சொல்லல் வேண்டும். 2022ஆம் ஆண்டு தொடக்கம், சொன்னதைப் படமாக்கும் பொறிகள் பொதுமக்கள் கைக்கு வந்துள்ளன. அவை செய்யும் சில வேலைகள் உண்மையிலே நல்லவை. பிறந்தநாள் வாழ்த்தட்டை வரைந்து சீவித்தவனுக்கு அவை கேடு என்பதை மறைத்தல் நேர்மையன்று. தமிழெழுத்தைக் கொடுத்தால் அவை பலகாலும் எழுத்துப்போல ஏதோவொன்றை வரைந்து வைக்கின்றன. அது நாளடைவிலே திருந்தும், திருந்தியும் வருகின்றது, அக்குறையை நம் பிள்ளைகளுக்கு அரணாகக் கொள்ளுதல் மணலிலே மதில் கட்டுவதாகும். ஆயினும், முதியவர் அலையாதபடி படிவத்தை அமைப்பதற்கு அம்முதியவரோடு இருந்து பேசவேண்டும். வம்சாவளியிலே யார் பெயரை எங்கே இடுவதென்பதற்கு அக்குடும்பத்தை அறிந்திருக்கவேண்டும். படம் மலிந்த காலத்திலே, எப்படம் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன் விலை உயரும் என்றே நாம் கருதுகிறோம்.

நம் கல்லூரிக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் பெரிதன்று. பத்தாம் வகுப்பிலே சித்திரத்தைத் தெரிய விரும்பும் பிள்ளையின் பெற்றாரை அழைத்து, மேலே கூறிய பட்டநெறிகளின் விவரத்தை அவர்க்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். நூல்நிலையத்திலே பழைய மலர்களையும், பஞ்சாங்கங்களையும், கைவிடப்பட்ட அச்சகங்களிலிருந்து கிடைக்கக்கூடிய ஈய எழுத்துகளையும் சேர்த்துவைக்க ஓர் அலுமாரி வேண்டும். அச்சகம் நடத்தும் பழைய மாணவர்கள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவருள் ஆண்டுக்கு ஒருவரையோ இருவரையோ சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். அக்காலத்தை அவர்கள் வேறெப்படிக் கழிக்கிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே.

சங்கத்தாருக்கு ஒன்று. அடுத்த மலருக்குரிய வரவுசெலவுத் திட்டத்திலே தாள், அச்சு, கட்டுதல் என்னும் மூன்று தலைப்புகளுக்கும் முன்னதாக வடிவமைப்பு என்றொரு தலைப்பை இட்டு, அதற்கெதிரே ஒரு தொகையையும் எழுதிவைக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம். வடிவமைத்தவர் பெயர் மலர்க்குழுவினர் பெயர்களோடு முதற்பக்கத்திலேயே வரட்டும். பின்னட்டையின் அடியிலே, அச்சகத்தின் தொலைபேசி இலக்கத்துக்குக் கீழே வேண்டாம்.